புள்ளி வைத்த எழுத்து

ருவைஸ் கேம்ப், வெள்ளிக்கிழமைப் பகல்.
ஏசி சொட்டும் வாளி பாதி நிறைந்திருக்கிறது.
கேஸ் டெஸ்டர் பரீட்சைக்கு இன்னும் நாலு நாள்.
பாஸானால் மாதம் இருநூறு திர்ஹாம் கூட,
ஹெல்மெட்டில் மஞ்சள் ஸ்டிக்கர்.

மெஸ் நோட்டின் பின்பக்கம் வரைகிறேன்.
நடுவில் O, சுற்றி ஆறு புள்ளி.
இரு பக்கமும் H, ஆளுக்கொரு புள்ளி.
பதினொன்றாம் வகுப்பில் இதற்கு இரண்டு மார்க்.
எதற்கென்று தெரியாமலே வாங்கியிருக்கிறேன்.

எட்டு வேண்டும், கையில் இருப்பது ஆறு.
கொடு என்றால் H கொடுக்காது;
நடுவில் வைத்துக்கொள்வோம் என்றால் சரி என்கும்.
நடுவில் வைத்த சோடியை
இவனும் தன் கணக்கில் எண்ணுவான், அவனும் எண்ணுவான்.

மேல்கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தான் ஜெயினுலாபுதீன்.
"அட, நம்ம மெஸ் கணக்கு!
ஒரே பால் பாக்கெட்டை என் பேரிலும் எழுதுறான்,
உன் பேரிலும் எழுதுறான் அந்த வர்கீஸ்."
சிரித்ததில் பென்சில் முனை முறிந்தது.

மிச்சம் இரண்டு சோடி யாரோடும் சேராமல்
O-வின் தலைமாட்டில் கிடக்கும்.
தனி இணை என்று புத்தகத்தில் பெயர்.
அதை வைத்து நம் பிழைப்பைப் பற்றி ஒரு வரி எழுதக்
கை நீண்டது. மடக்கிக்கொண்டேன்.
தனி என்றாலும் அவை இரண்டிரண்டு பேர்.
என்னுடையது ஒற்றைக் கட்டில்.

இப்போது நடு எழுத்தை மட்டும் அழித்து
S போடுகிறேன். வேறெதையும் தொடவில்லை.
அதே எட்டு. அதே இரண்டு கை. அதே இரண்டு தனி இணை.
ஒன்று, கடலைக் காய்ச்சி உப்பு நீக்கி
லாரியில் நம் தொட்டிக்கு வருவது.
மற்றது, பாலைவனத்துக்கு அடியிலிருந்து
எரிவாயுவோடு ஒட்டிக்கொண்டு ஏறி வருவது.
படத்தில் அண்ணன் தம்பி. ஒரே மூக்கு.

மூக்கு என்றதும் மார்ச் மாதம்.
பம்ப் மேட்டில் வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தோம்,
அழுகின முட்டை நாற்றம்.
பிறகு நாற்றம் இல்லை.
"போயிடுச்சு" என்று முகமூடியைத் தளர்த்தினான் நர்பகதூர்.
போனது வாயு அல்ல, அவன் மூக்கு.
இடுப்பில் மானி அலறியது.
காற்றுப்பையைப் பார்த்தேன், அவன் காலரைப் பிடித்தேன்,
காற்றுக்குக் குறுக்கே ஓடினோம்.

கூடுமிடத்தில் தலை எண்ணினார்கள்.
முப்பத்தொன்று வந்தது.
முப்பத்திரண்டு இருக்கவேண்டும்.
யாரும் பேசவில்லை. மறுபடி எண்ணினார்கள்.
எண்ணிக்கொண்டிருந்த சூப்பர்வைசர்
தன்னைச் சேர்க்க மறந்திருந்தார்.
படம் போடுவதற்கும் இதுதான் முதல் விதி:
மொத்தம் எத்தனை என்று தெரியாமல்
ஒரு புள்ளிகூட வைக்காதே.

தமிழில் ஓர் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் நீங்கி மெய் மட்டும் நிற்கும்.
ஒன்றாம் வகுப்பில் ஸ்லேட்டில் எழுதியது.
இந்த S-ஐச் சுற்றி எட்டு வைத்த பிறகுதான்
அது இலக்கணம் மட்டும் இல்லை என்று படுகிறது.
ஆனால் O-வைச் சுற்றியும் அதே எட்டுதானே?
இதற்கு என்னிடம் விடை இல்லை.
பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள்.

நர்பகதூர் கிளினிக்கில் ஐந்து நாள் கிடந்தான்.
நுரையீரல் தேறிவிட்டது, மூக்கு இன்னும் வரவில்லை.
இந்த வாரம் சமையல் முறை அவனுடையது.
உப்பைக் கண்ணால் அளக்கிறான்,
தாளிப்பைக் காதால் கேட்கிறான்.
பால் கெட்டுவிட்டதா என்று
பாக்கெட்டை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்.
முகர்ந்து சொல்கிறேன். அவ்வளவுதான் ஏற்பாடு,
ஒரு மூக்கு, இரண்டு பேர் கணக்கில்.

S-க்கு ஆறு. இடது H-க்கு ஒன்று.
வலது H-க்குப் பென்சிலைக் கொண்டுபோகும்போது
கத்தரிக்காய் தீய்கிற வாசனை.
"பகதூர்! அடுப்பு!"
எழுந்து ஓடுகிறேன்.
நோட்டில் ஏழு புள்ளி.